வயிற்றுப் பிள்ளையோடு ஓடியவள்

மேட்டின் பாதியில் மூச்சு முந்திக்கொண்டது. அப்போதுதான் ஜெயமலருக்குச் சந்தேகம் வந்தது.

ஆஹென் நகரின் தெற்குக் காட்டில் இருந்த அந்த மேட்டை அவள் வாரத்தில் இரண்டு முறை ஏறுவாள். ஓடி ஏறி, நடந்து இறங்கி, மறுபடி ஓடி ஏறுவாள். எந்த மரத்தருகே கால் கனக்கும், எந்த வளைவில் நெஞ்சு சுடும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். அன்றைக்குக் கால் கனக்கவில்லை. நெஞ்சு மட்டும், வழக்கமான இடத்துக்கு வெகு முன்பே அடைத்துக்கொண்டது. சளித் தடிமன் பிடிக்கப்போகிறது என்று நினைத்தாள். அடுத்த முறையும் அதே மரத்தடியில் அதே கதை. வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தாள். நாள் தள்ளிப்போயிருந்தது.

அது 1986ஆம் ஆண்டின் கோடை. ஜெயமலரும் கணவன் பரராசசிங்கமும் வேறு பல யாழ்ப்பாணக் குடும்பங்களும் ஒரு பழைய ஊசித் தொழிற்சாலையின் மாடியில் குடியிருந்தார்கள். அகதி விண்ணப்பம் தீரும்வரை நகரசபை கொடுத்திருந்த இடம் அது. குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லோருக்கும் பொதுவாகச் சமைக்க ஒரு குசினி. விண்ணப்பம் தீரும்வரை வேலை செய்யக்கூடாது. நகர எல்லையைத் தாண்டக்கூடாது. ஓடக்கூடாது என்று மட்டும் எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஆகவே ஜெயமலர் ஓடினாள். கரவெட்டியில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஆயிரத்தைந்நூறு மீற்றரில் அவளை முந்த அந்த வட்டாரத்தில் ஆள் இருக்கவில்லை. இங்கே வந்த புதிதில் ஒரு துணிச் சப்பாத்தோடு காட்டைச் சுற்றிக்கொண்டிருந்தவளை, காட்டோர மைதானத்தில் ஓட்டக் கழகம் ஒன்றை நடத்திய யுப் என்ற கிழவர் மறித்து நிறுத்தி, நாளைக்கு மைதானத்துக்கு வா என்று கையால் காட்டினார். யுப் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அதிகம் பேசமாட்டார். அவளுக்கும் அப்போது ஜெர்மன் மொழி வராது. இருவருக்கும் ஒத்துப்போயிற்று. ஒரு வருடத்துக்குள் கழகத்துப் பெண்களில் வேகமானவள் அவளே என்றாயிற்று. வாரம் முழுவதும் யாரோ ஒருவருடைய முத்திரைக்காகக் காத்திருக்கும் வாழ்க்கையில், மைதானத்தில் மட்டும்தான் அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

கர்ப்பம் உறுதியானதும் மகிழ்ச்சி வந்தது. அதன் காலைப் பிடித்துக்கொண்டே பயமும் வந்தது. இது அவளுக்கு இரண்டாவது கர்ப்பம். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது பரராசசிங்கம் ஜெர்மனிக்குப் புறப்பட்டுவிட்டான். மாமியார் வீட்டில் அவளை ஒரு வாளி தண்ணீர்கூட அள்ள விடவில்லை. பாயை விரித்துப் படுக்க வைத்தார்கள். எழுந்தால் அதட்டினார்கள். அப்படிக் காத்தும் ஐந்தாம் மாதத்தில் பிள்ளை போய்விட்டது. அதற்கு முன்பு அவள் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கியதுதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டியது. அவளும் அதை ஒருபோதும் மறுத்துப் பேசவில்லை. மறுக்க அவளிடம் என்ன இருந்தது?

இப்போது இரண்டும் வேண்டும் என்றிருந்தது. இந்தப் பிள்ளை உயிரோடு கைக்கு வரவேண்டும். ஓட்டமும் கையை விட்டுப் போகக்கூடாது. 

"இஞ்சருங்கோ," என்றாள் கணவனிடம். "நான் ஓடுறதை விடமாட்டன். ஆனால் டொக்டர் ஏலாது எண்டு சொன்னால் அண்டைக்கே விட்டிடுவன்."

"டொக்டருக்கு முதல் நான் சொல்லுறன். ஏலாது."

"நீங்கள் எப்ப டொக்டரானீங்கள்?"

"டொக்டர் இல்லை. பிள்ளையின்ர தேப்பன்." அவன் குரலில் கோபம் இருக்கவில்லை. முதல் பிள்ளையின் செய்தி வந்தபோது இந்த நாட்டில் தனியே ஓர் அறையில் கிடந்தவன் அவன்.

குசினியில் செய்தி பரவுவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பக்கத்து அறைக் கமலநாயகி அக்கா நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். அந்த மாடியில் பிரசவ விஷயங்களுக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

"உனக்கென்ன விசரே பிள்ளை? வயித்தில கிடக்கிறது பிள்ளை, பந்தில்லை, குலுக்கி அடிக்க."

"அக்கா, உங்கட கடைசிப் பெடி வயித்தில இருக்கேக்க வெங்காயத் தோட்டத்துக்கு ஆர் தண்ணி இறைச்சது?"

"நான்தான்."

"பிள்ளை குலுங்கேல்லையோ?"

"அது வேலையடி. உது விளையாட்டு."

"உள்ளுக்க இருக்கிறதுக்கு வித்தியாசம் தெரியுமோ அக்கா?"

கமலநாயகி அக்கா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "உன்ர வாய் ஓடுறது போதும். காலை மடக்கி வைச்சுக்கொண்டு இரு."

மருத்துவரிடம் போவதற்குப் பரராசசிங்கத்தோடு சியாமளாவும் துணைக்கு வந்தாள். சியாமளா திருச்சிக்காரி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதயத் துடிப்பை அளக்கும் கருவிகள் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புட்டுக்கும் மீன் குழம்புக்குமாக ஊசித் தொழிற்சாலை மாடிக்கு வந்து பழகியவள். ஜெர்மன் சரளமாகப் பேசுவாள். மகப்பேறு மருத்துவர் டொக்டர் ஹாஸ் உயரமான மனுஷி. இளமையில் படகோட்டப் போட்டிகளில் துடுப்பு வலித்தவர் என்று சியாமளா சொன்னாள். அவருடைய தோள்களைப் பார்க்க அது பொய்யென்று தோன்றவில்லை.

டொக்டர் ஹாஸ் உடனே ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எவ்வளவு காலமாக ஓடுகிறாய், எத்தனை வேகமாக, ஓடி முடித்தால் மூச்சு திரும்ப எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு முதல் கர்ப்பத்துக்கு வந்தார். அதற்கு முன் காய்ச்சல் இருந்ததா, உதிரம் எப்போது பட்டது, மருத்துவர் யாராவது பார்த்தாரா என்றெல்லாம் விசாரித்தார். ஜெயமலர் யாரிடமும் சொல்லாத விவரங்களைத் தரையைப் பார்த்துச் சொன்னாள். சியாமளாவும் தரையைப் பார்த்தே மொழிபெயர்த்தாள்.

"அது ஏன் போச்சுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதுன்னு சொல்றாங்க," என்றாள் சியாமளா. "ஆனா நீங்க பசங்களுக்கு ஓடச் சொல்லிக் குடுத்ததால போகல. அது மட்டும் ஷ்யூரா சொல்றாங்க."

ஜெயமலர் தரையிலிருந்து கண்ணை எடுத்தாள். மூக்கை உறிஞ்சினாள். டொக்டர் ஹாஸ் ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, இரத்த அழுத்தப் பட்டியைக் கையில் எடுத்தார்.

இரத்தம் பார்த்தார்கள். ஒலி அலைக் கருவியில் வயிற்றைப் பார்த்தார்கள். கருப்பையின் வாய் இறுக்கமாக இருந்தது, நஞ்சுக்கொடி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அதன் பிறகுதான் டொக்டர் தம் தீர்ப்பைச் சொன்னார். உடம்பு ஏற்கெனவே பழகியதை மட்டும் செய்யலாம், புதிதாக எதையும் தொடங்கக்கூடாது. வேகமாக ஓடலாம், ஆனால் கொஞ்சத் தூரத்துக்குத்தான். பிறகு மூச்சு முழுதாகத் திரும்பும்வரை நடக்க வேண்டும். உச்ச வேகம் வேண்டாம். எவ்வளவு வேகத்திலும் ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் அது அதிகம். வெயிலில் ஓடக்கூடாது. இறக்கத்திலும் வழுக்கும் தரையிலும் நடைதான். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும்.

"இப்ப முக்கியமானது," என்று சியாமளா விரலை நீட்டினாள். "ப்ளீடிங், தண்ணி போறது, வயிறு கல்லு மாதிரி இறுகறது, தலை சுத்தறது, நெஞ்சு வலி, அப்புறம் பேபி அசையறது குறையறது. இதுல ஒண்ணு வந்தாலும் அன்னிக்கு ஓட்டம் அதோட முடிஞ்சுது. வீட்டுக்குப் போய் யோசிக்கக் கூடாது. நேரா இங்க வரணும். அடுத்த மாசம் ஓடலாமா வேண்டாமான்னு அடுத்த மாசம் பாத்துட்டுதான் சொல்வாங்களாம்."

"நாடித்துடிப்பு இவ்வளவுக்கு மேல போகக்கூடாது எண்டு ஏதும் இருக்கோ?" என்று முதல் முறையாக வாயைத் திறந்தான் பரராசசிங்கம்.

சியாமளா கேட்டுச் சொன்னாள். "அமெரிக்கால ஒரு நம்பர் போட்டிருக்காங்களாம். அது ஓடியே பழகாதவங்களையும் சேத்துப் போட்டதுன்னு சொல்றாங்க. இவங்களை இவங்க உடம்பை வெச்சுத்தான் பாக்கணுமாம்."

டொக்டர் சம்மதித்தாலும் யுப் சம்மதிக்கவில்லை. கையை விரித்தார். எனக்கு இதிலே அனுபவம் இல்லை, பொறுப்பேற்க முடியாது, பிள்ளை பிறந்தபின் வா என்றார். அவள் தனியே, மெல்ல, காட்டின் சமதரைப் பாதையில் மட்டும் ஓடினாள். மசக்கை பிடித்த வாரங்களில் அதுவும் இல்லை, நடந்தாள்.

யுப் மறுத்த கதையைக் கேட்டு, புரட்டாதி மாதத்து மாலையொன்றில் டொக்டர் ஹாஸ் மைதானத்துக்கே சைக்கிளில் வந்து இறங்கினார். கைக்குள் அடங்கும் ஒரு கருவி கொண்டு வந்திருந்தார். அதை வயிற்றில் வைத்தால் பிள்ளையின் இதயம் அடிப்பது வெளியே கேட்கும். உடைமாற்றும் அறையில் ஜெயமலரை இடப்பக்கமாகச் சரிந்து படுக்கச்சொல்லி முதலில் ஒருமுறை கேட்டார். பிறகு ஓடு என்றார். வளைவு ஒன்று, நேர்கோடு ஒன்று வேகமாக ஓடினாள். நடந்தாள். மறுபடி ஓடினாள். மூன்றாவது ஓட்டம் முடிந்ததும் கூப்பிட்டு மறுபடி கருவியை வைத்தார்.

கதவுக்கு வெளியே நின்ற பரராசசிங்கத்துக்கும் சியாமளாவுக்கும் யுப்புக்கும் அது கேட்டது. ஈரத் தரையில் குதிரை ஓடுவது போன்ற சத்தம்.

"என்ன இவ்வளவு கெதியா அடிக்குது? பயந்திட்டுதோ?" என்று கேட்டான்.

"பேபிக்கு எப்பவுமே அப்படித்தான் அண்ணா," என்றாள் சியாமளா. "ஓடறதுக்கு முன்னாடி எப்படியோ, இப்பவும் அதே மாதிரிதான். அம்மா ஓடினது அதுக்குத் தெரியவே இல்ல போலிருக்கு."

அவன் சுவரோர மர வாங்கில் உட்கார்ந்துவிட்டான். யுப் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினார். "சரி," என்றார் கடைசியில். "ஆனால் நான் நில் என்றால் நிற்க வேண்டும்."

"நீங்கள் சொல்லுறதுக்கு முதல் நான் நிப்பன்," என்றாள் ஜெயமலர் தனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

அந்த ஜெர்மன்தான் ஒரு சிக்கலாக வந்தது. ஓடும்போது ஒரு வாக்கியம் பேசிக் காட்டு என்று யுப் கேட்டார். அவளுக்கு உட்கார்ந்திருக்கும்போதே ஒரு ஜெர்மன் வாக்கியம் முடிய மூச்சு வாங்கும். ஓடிக்கொண்டே வினைச்சொல்லைச் சரியான இடத்தில் வைக்க எங்கே போவது? அவள் தமிழில் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினாள். பதினாறாம் வாய்ப்பாடு. அடுத்து வருவதை நினைவிலிருந்து இழுத்து எடுக்க வேண்டும், அதே நேரம் சத்தமாகவும் சொல்ல வேண்டும். குரல் துண்டுபட்டால் வேகத்தைக் குறைப்பாள். கழகத்துப் பெண்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இரண்டு வாரம் போனபின் அவர்களும் ஆளுக்கொரு வாய்ப்பாட்டை ஜெர்மனில் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். காட்டில் நாயோடு நடக்க வருகிற முதியவர்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். 

அந்தக் காட்டுக்கு வேறொரு தொந்தரவும் இருந்தது. பாதை வளைந்து வளைந்து போகும். ஓரிடத்தில் பாசி பிடித்த எல்லைக் கல் வரும். கல்லுக்கு அந்தப் பக்கம் பெல்ஜியம். அகதி விண்ணப்பக்காரி அதைத் தாண்டினால் குற்றம். ஒருநாள் வாய்ப்பாட்டில் கவனம் போய் அவள் கல்லைத் தாண்டிவிட்டாள். பின்னால் வந்த யுப், அவளைப் பிடித்து ஜெர்மனிக்குள் இழுத்துவிட்டு, "பிள்ளை ஏற்கெனவே வெளிநாடு போய்விட்டது," என்றார். அன்று மாலை குசினியில் கமலநாயகி அக்காகூட அதற்குச் சிரித்தார்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. குசினி மூலையில் முருகன் படம் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, பெண்கள் எல்லோரும் விரதத்துக்குத் தயாரானார்கள். ஜெயமலர் தானும் பிடிக்கப்போவதாகச் சொன்னாள். முதல் பிள்ளை போன அதே மாதம் இப்போது நெருங்கிக்கொண்டிருந்தது. பகலில் தைரியமாக இருந்தாள். ஆனால் உள்ளே ஒரு நடுக்கம் இருந்தது. அதை ஒப்படைக்க அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. கர்ப்பிணிப் பெண்ணுக்கு உபவாசம் வேண்டாம் என்று கமலநாயகி அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் ஓட்டம் ஓட்டம் என்று நின்றவள் சாமி படத்துக்கு முன்னால் கைகூப்பி நிற்பதைக் கண்டதும் அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தடுக்கவில்லை. மாலையில் ஒரு கோப்பை பாலும் ஒரு வாழைப்பழமும், மற்றும்படி ஒன்றுமில்லை. அந்த மாடியே அவளை மெச்சியது. ஓட்டத்தைக் குறைசொன்ன வாய் எதுவும் பட்டினியைக் குறைசொல்லவில்லை.

பயிற்சி நாளும் வந்தது. அவள் போனாள். கால் இலேசாக இருந்தது. வாய்ப்பாடும் பிசகாமல் வந்தது. அதனால் எல்லாம் சரியென்றே நினைத்தாள். வாய்ப்பாடு காட்டுவது மூச்சின் கணக்கை மட்டும்தான். வயிறு வெறுமையாகக் கிடப்பது அதற்குத் தெரியாது. அடுத்த ஓட்டத்தின் நடுவில் மைதானத்தின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கின. அவள் நின்றாள். இன்னும் கொஞ்சம்தானே என்று நினைக்கவில்லை. நின்று, புல்லில் மெல்ல அமர்ந்து, இடப்பக்கமாகச் சரிந்து படுத்தாள். அடிவயிறு ஒருமுறை இறுகித் தளர்ந்தது. யுப்பைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

பரராசசிங்கமும் கமலநாயகி அக்காவும் டொக்டர் ஹாஸின் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவள் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. சியாமளாவும் பல்கலைக்கழகத்திலிருந்து ஓடி வந்திருந்தாள். கமலநாயகி அக்கா திருநீற்றை ஜெயமலரின் நெற்றியில் பூசிவிட்டு, பரராசசிங்கத்தின் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னனானோ இல்லையோ தம்பி? இந்த ஓட்டம்..."

டொக்டர் கருவியை வயிற்றில் வைத்திருந்தார். குதிரை ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டார். அந்தச் சத்தத்தை அவர் அதுவரை கேட்டதில்லை. நான்கு பெற்றும் கேட்டதில்லை.

"காலைல என்ன சாப்ட்டீங்க?" என்று டொக்டர் கேட்டதைச் சியாமளா கேட்டாள்.

ஜெயமலர் கமலநாயகி அக்காவைப் பார்த்தாள்.

"நேத்து?"

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.  டொக்டர் இரத்தத்தில் சர்க்கரை பார்த்த முடிவை வைத்துக்கொண்டு நின்றார். 

"அவள் விரதம்," என்றார் கமலநாயகி அக்கா. குரல் இறங்கியிருந்தது. "சஷ்டி. நாலாம் நாள். கர்ப்பிணிக்கு விலக்கு எண்டு எனக்குத் தெரியும். நல்ல காரியம்தானே எண்டு பேசாமல் விட்டிட்டன். சியாமளா உதை அப்பிடியே டொக்டரிட்டைச் சொல்லட்டும், பிழை என்ர."

சியாமளா எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் ஹாஸ் கோபப்படவில்லை. உங்கள் சாமியைப் பற்றி எனக்குத் தெரியாது என்றார். வெறும் வயிற்றோடும் வறண்ட உடம்போடும் ஓடினால் ஆண்பிள்ளை வீரனும் விழுவான். வயிற்றுப் பிள்ளைக்காரி விரதமும் இருக்கவேண்டாம், பசியோடு படியேறவும் வேண்டாம். இவள் செய்த ஒரே நல்ல காரியம், சரியான இடத்தில் நின்றது.

பரராசசிங்கம் முன்னே வந்தான். சியாமளாவை எதிர்பார்க்கவில்லை. தன் ஜெர்மனிலேயே கேட்டான்: "ஓடலாமா? ஆம், இல்லை?"

ஒரு வாரம் ஓய்வு, மறுபடி பரிசோதனை, எல்லாம் சரியாக இருந்தால் ஆம் என்றார் டொக்டர். அவன் தலையை ஆட்டினான். மனைவியின் காலடியில் கட்டிலில் உட்கார்ந்து, அவளுடைய ஓட்டச் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தான். "ஒரு கிழமை," என்றான். "பிறகு நான் தண்ணிப் போத்தலோட வாறன்."

தாதி ஒரு கோப்பை சூப் கொண்டு வந்தாள். கமலநாயகி அக்கா முகர்ந்து பார்த்து, "மாடு," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். அடுத்த பேருந்தில் மாடிக்குப் போய், பால்கஞ்சி காய்ச்சி, போர்வையில் சுற்றிக் கொண்டு வந்து, சிறு பிள்ளைக்கு ஊட்டுவது போல ஊட்டினார்.

"விரதம் முறிஞ்சு போச்சே அக்கா," என்றாள் ஜெயமலர் இரண்டாவது வாய்க்குப் பிறகு.

"முறியேல்லை. மிச்சத்தை உனக்காக நான் சேத்துப் பிடிக்கிறன். முருகனோட கதைச்சிட்டுத்தான் வந்தனான். நீ திண்டிட்டு ஓடு."

அன்றிலிருந்து குசினியில் சட்டம் மாறியது. சட்டம் வைத்தவர் அதே ஆள்தான். பயிற்சி நாளில் இரண்டு மணி நேரம் முன்னதாகப் புட்டும் பருப்பும், போகும்போது வாழைப்பழம், வந்ததும் உழுத்தங்களி. ஜெயமலர் சாப்பிடாமல் சப்பாத்தில் கை வைத்தால் அதட்டல் விழும். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அக்காவும் கூடப் போனார். குதிரைச் சத்தம் கேட்காமல் அவருக்கு அந்த மாதம் விடியாது.

மார்கழியில் காட்டுப் பாதை உறைந்தது. வழுக்கும் தரையில் ஓட்டம் இல்லை என்ற சொல்லை ஜெயமலர் மீறவில்லை. யுப் கழகத்தின் நிலக்கீழ் அறையில் ஓர் ஓடாத சைக்கிளை இறுக்கி வைத்தார். சாளரத்தைத் திறந்து வைத்து, அதில் வேகமாக மிதிப்பாள், மெல்ல மிதிப்பாள், மறுபடி வேகமாக. வயிறு பெருத்து இடுப்பு எலும்பு வலிக்கத் தொடங்கியபோது நீச்சல் குளத்துக்கு மாறினாள். இடுப்பில் நுரைப் பட்டி கட்டிக்கொண்டு ஆழத் தண்ணீரில் நின்றபடி ஓடுவது. கமலநாயகி அக்கா குளக்கரையில் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்து, துவாயை மடியில் வைத்து, கரையோரம் வந்து நின்ற ஜெர்மன் கிழவிகளை முறைத்துக்கொண்டிருப்பார்.

"என்ன அக்கா, அவை என்ன செய்தவை?"

"உன்ர வயித்தைப் பாக்கினம். கண்ணூறு."

சில நாள் உடம்பு வேண்டாம் என்றது. அந்த நாட்களில் அவள் நடந்தாள், அல்லது நடக்கவும் இல்லை. எது ஓடும் நாள், எது ஓயும் நாள் என்று பிரித்து அறிவதுதான் பெரிய பயிற்சி என்று யுப் ஒருமுறை சொன்னார். ஐந்தாம் மாதம் கடந்தது. ஏழாம் மாதம் கடந்தது. பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது, டொக்டர் அளந்தபோதெல்லாம் அளவு சரியாக இருந்தது.

பிள்ளை தெரிந்தெடுத்த நாள்தான் விசித்திரமானது. மாசி முடிந்து, ஆஹென் நகரமே வேடம் கட்டித் தெருவில் இறங்கும் திருவிழாத் திங்கட்கிழமை அது. காலையில் வலி தொடங்கியது. வீதிகளை ஊர்வலத்துக்காக மறித்துவிட்டார்கள். ரக்சிக் கார் வராது, பேருந்தும் இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய சிறு மருத்துவமனை மேட்டின் மேல் இருந்தது. தொலைபேசியில் கேட்டபோது, வலி இன்னும் தள்ளித் தள்ளித்தான் வருகிறது, நீர் உடையவில்லை, நடக்க முடிந்தால் நடந்து வரலாம் என்று டொக்டர் ஹாஸ் சொன்னார்.

"நடக்க ஏலுமோ?" என்றான் பரராசசிங்கம். 

"ஏலும். நீங்கள் பையைத் தூக்குங்கோ."

கோமாளி, கடற்கொள்ளையர் வேடக்காரர்களுக்கு நடுவே அவர்கள் இருவரும் கமலநாயகி அக்காவும் நடந்தார்கள். வலி வந்தால் ஜெயமலர் கணவனின் தோளில் நெற்றியை வைத்து நிற்பாள். மூச்சை நீளமாக விடுவாள். வலி இறங்கியதும் நடப்பாள். வேகமும் ஓய்வும், வேகமும் ஓய்வும். அவளுடைய உடம்பு ஒன்பது மாதமும் பழகிய அதே வேலை. வண்டிகளின் மேலிருந்து இனிப்புகளை வீசினார்கள். ஒரு கரடி வேடக்காரன் வயிற்றைக் கண்டு, கூட்டத்தை இரண்டாகப் பிளந்து வழி எடுத்துக் கொடுத்தான். கமலநாயகி அக்கா தலையில் விழுந்த வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தட்டக்கூட நேரமில்லாமல், "விலத்துங்கோ, விலத்துங்கோ" என்று தமிழிலேயே கூவிக்கொண்டு முன்னே போனார். எல்லோரும் விலத்தினார்கள்.

மருத்துவமனையில் ஊர்வலத்தின் மேளச் சத்தம் ஓயும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. பெண். முகம் சிவக்க, கைகளை முறுக்கி, முழு மூச்சோடு கத்தினாள். நிறுத்துப் பார்த்த மருத்துவிச்சி நல்ல எடை என்றாள். டொக்டர் ஹாஸ் பிள்ளையின் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, தாயின் நெஞ்சில் கொண்டுவந்து படுக்க வைத்தார். ஜெயமலர் அதன் ஈரத் தலையை முகர்ந்தாள். பிள்ளை இருந்தது. கையில், சூட்டோடு, பாரமாக இருந்தது. அவள் சிரித்தாள், அழுதாள், பசிக்குது என்றாள்.

வெளியே பரராசசிங்கம் அழுதுகொண்டே, சட்டைப் பைக்குள் விழுந்திருந்த திருவிழா இனிப்புகளைக் கன்னியாஸ்திரிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். கமலநாயகி அக்கா தம்மிடமிருந்த ஜெர்மன் முழுவதையும் திரட்டி, தலைமைக் கன்னியாஸ்திரியிடம் சொன்னார்: "தாய் விளையாட்டு. பிள்ளை நல்லம். நான் சாப்பாடு."

அந்த வருடப் புரட்டாதியில், டொக்டர் எல்லாம் பார்த்துச் சரியென்ற பிறகு, நகரப் போட்டியில் ஜெயமலர் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடினாள். தொடக்கத்திலிருந்தே முன்னால் போனவளின் தோளோடு ஒட்டிக்கொண்டே போனாள். கடைசிச் சுற்றின் மணி அடித்ததும் வெளிப்பக்கமாக எடுத்தாள். இந்த முறை வாய்ப்பாடு இல்லை, பேச்சு இல்லை, மீதி வைக்க வேண்டிய மூச்சு இல்லை. எல்லாவற்றையும் செலவழித்தாள். நேர்கோட்டுக்கு வரும்போது அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

யுப் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் வாழ்நாளில் ஓடிய மிகச் சிறந்த ஓட்டம் அது. அவள் பார்க்கவில்லை. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் பரராசசிங்கம் வீறிட்டு அழும் மகளை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"இஞ்ச பிடியும். இவளுக்கு இனிப் பொறுக்க ஏலாதாம்."

ஜெயமலர் மூச்சிரைக்க இரைக்கக் கம்பிக்கு மேலால் மகளை வாங்கி, கமலநாயகி அக்கா நீட்டிய துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, புல்லில் சம்மணமிட்டு அமர்ந்து பால் கொடுத்தாள். ஒலிபெருக்கியில் அவளுடைய பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டார்கள். முதல் இடம். மேடைக்கு வரும்படி இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள்.

"குடிச்சு முடியட்டும், வாறன் எண்டு சொல்லுங்கோ," என்றாள்.